அண்ணியின் இரண்டாவது கியர்

புது பிக்கப் வண்டி வந்த அன்றைக்கு, அதற்கு ரிவர்ஸ் கியரே கிடையாது என்று எங்கள் கடை மொத்தமும் முடிவு கட்டியது. கடை மொத்தம் என்றால் மூன்று பேர். கண்ணாடி வெட்டுகிற என் அண்ணன், வெட்டிய கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிற அவன் தங்கை நான், அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்கிற என் அண்ணி. அண்ணி ஷோரூமிலிருந்து ஜம்மென்று ஓட்டிவந்து, மூக்கு சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டாள். வெளியே எடுக்கலாம் என்றால், கியர் கம்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் முன்னாலேதான் போவேன் என்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது, நாலு விரலாகிவிட்டது.

"வாங்கின அன்னைக்கே சுவத்துல சாத்திருவா போலிருக்கே!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று, யாருக்கும் உதவாத யோசனைகளை வாரி வழங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி இன்ஜினை அணைத்துவிட்டு, கியர் கம்பின் தலையைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். குமிழுக்குக் கீழே மோதிரம் மாதிரி ஒரு வளையம். அதை இரண்டு விரலால் மேலே தூக்கினாள். கம்பு சாதுவாகப் போய் ரிவர்ஸில் உட்கார்ந்தது.

"இதைத் தூக்கணுமாம்! ஓடுறப்போ தெரியாம ரிவர்ஸ்ல விழுந்துடக் கூடாதுன்னு வெச்சிருக்கான். நல்லா யோசிச்சிருக்கான் இல்ல?" என்றாள். அதோடு விடவில்லை. ஏழெட்டு முறை வளையத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அண்ணனுக்கு அதற்குள் மூக்கு சிவந்துவிட்டது.

அண்ணியின் குணம் அது. எதைப் பார்த்தாலும் "ஏன்" என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. மருந்து வாங்கினால் உள்ளே இருக்கும் காகிதத்தைக் கடைசி வரி வரை படிப்பாள். பக்கத்துக் கடை தையல்காரரிடம், மெஷின் ஊசியின் காது ஏன் நுனியில் இருக்கிறது என்று கேட்டு, அந்த மனிதரை அரை நாள் வேலை செய்யவிடாமல் அடித்தவள். வயதில் என்னைவிட மூன்று மாதம் இளையவள், உறவில் மூத்தவள். அதனால் நேரில் வாங்க போங்க என்பேன், எழுதும்போது அவள் இவள் என்பேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. அவள் வந்த மூன்றாம் மாதம், கடையில் இருந்த டிரைவர் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு சாவியை மேஜையில் வீசிவிட்டுப் போனார். வண்டி நிறையக் கண்ணாடி ஏற்றியிருந்தது. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சாவிய இப்படிக் குடுங்க" என்றாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டியரிங்கை அவள் பதினேழு வருஷமாக விடவில்லை.

பழைய பிக்கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பின்பக்கக் கண்ணாடி கிடையாது. உடைந்து பதினோரு வருஷம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற என் அண்ணனுக்குத் தன் வண்டிக்கு ஒரு துண்டு வெட்ட நேரமில்லை. கேட்டால் "நாளைக்குப் போட்டுரலாம்" என்பான். அந்த ஓட்டை வழியாகத் தூசி வரும், மழை வரும். கூடவே, பின்னால் ஸ்டாண்டில் நிற்கிற கண்ணாடிகளின் சத்தமும் வரும். ஒன்றோடொன்று உரசினால் ஒரு சத்தம், எதிலாவது இடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். அண்ணி பாட்டுப் போட மாட்டாள், பேச்சுக் கொடுத்தால் கையை உயர்த்தி அடக்குவாள். அந்த 'டிக்' வராத மாதிரி கியர் மாற்றுவதுதான் அவள் ஓட்டிய ஓட்டம். பழைய வண்டியில் அவள் கையால் உடைந்த கண்ணாடி மொத்தம் இரண்டு. அதில் ஒன்று நான் சாய்ந்து உட்கார்ந்ததால் உடைந்தது.

புது வண்டி வந்த பத்தாம் நாள் ஒரு பேக்கரிக்குப் போன அலமாரிக் கண்ணாடி விரிசல் விட்டு நின்றது. அடுத்த வாரம் ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல்கண்ணாடி. அண்ணன் கத்தினான். அண்ணிக்கே தெரியும், வண்டி அவள் காலுக்கு அடங்கவில்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போதெல்லாம், யாரோ பின்னாலிருந்து முதுகில் தட்டியது போல் ஒரு குதி. கூடப் போன என் நெற்றி இரண்டு முறை முன்னால் போய் வந்தது.

"காலை எடுத்துட்டேன், ஆனா இன்ஜின் இன்னும் கத்திக்கிட்டே இருக்கு" என்றாள் அண்ணி. "பழைய வண்டியில ஆக்ஸிலேட்டரை விட்டா சத்தம் பொத்துனு விழும். இது விழ மாட்டேங்குது. அந்தரத்துல நிக்குது. அந்த நேரம் பாத்து கிளட்ச்சை விட்டா எகிறுது."

"வண்டியக் குத்தம் சொல்லாத. புது வண்டி அது" என்றான் அண்ணன்.

மேஜைக் கண்ணாடி உடைந்த மறுநாள் காலை அண்ணன் வெள்ளை மெழுகுப் பென்சிலை எடுத்தான். எங்கள் கடையில் காகிதத்துக்கு வேலை இல்லை. அளவு, போன் நம்பர், வரச் சொன்ன தேதி எல்லாம் கண்ணாடித் துண்டில்தான் எழுதுவோம். இதை அவன் துண்டில் எழுதவில்லை, கடையின் முகப்புக் கண்ணாடியிலேயே முழ உயர எழுத்தில் எழுதினான். 'ஓட்டுநர் தேவை. கியர் வண்டி.'

"ஆள் வந்ததும் நீ உள்ள உக்காந்து போன் எடு. அது வரைக்கும் ஓட்டு. டான்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் போற ஆறு கண்ணாடியும் புது ஆள் கையாலதான் போகணும்" என்றான்.

நடனப் பள்ளிக்கான அந்த ஆறும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகள். ஒரு மாதத்தில் வரவேண்டியவை. எங்கள் கடை அவ்வளவு பெரிய வேலை செய்ததே இல்லை.

உள்ளேயிருந்து பார்த்தால் அந்த எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரியும். அண்ணி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் வேணா ரெண்டு வார்த்தை கேக்கட்டுமா அண்ணி?" என்றேன்.

"வேண்டாம். நீ ரெண்டுன்னு ஆரம்பிச்சு இருநூறு கேப்ப" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பதினேழு வருஷம் ஓட்டினேன். இப்போ போன் எடுக்கச் சொல்றாரு. அழுகையா வருது. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அது ஏன் குதிக்குது?"

அன்று மதியமே என்னையும் இழுத்துக்கொண்டு வண்டி சர்வீஸ் செய்கிற இடத்துக்குப் போனாள். முன்னால் மேஜையில் இருந்தவர் எழுந்திருக்காமலே, "எல்லா வண்டியும் இப்படித்தாங்க இருக்கும்" என்றார்.

"சரிங்க, எல்லாமே இப்படித்தான். ஏன் இப்படி?" என்றாள் அண்ணி.

அவருக்குத் தெரியவில்லை. அண்ணி நகரவும் இல்லை. கடைசியில் உள்ளேயிருந்து கை முழுக்க எண்ணெயோடு ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். இந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலும். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆக்ஸிலேட்டருக்கு இப்போ கம்பி கிடையாதும்மா. நீங்க மிதிக்கிறது இன்ஜினுக்கு நேரா போறதில்ல. நடுவுல கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க காலை எடுத்தா, 'சரி, எடுத்துட்டாங்க'ன்னு அது பாத்து, கெட்ட புகை வராம இருக்க மெதுவாத்தான் இறக்கும். நாம அவசரப்பட்டா குதிக்கும்."

"அப்போ நான் கேக்கிறேன், அது யோசிச்சிட்டுக் குடுக்குது."

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்க."

"எவ்வளவு நேரம் யோசிக்கும்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அதை நீங்கதான் பழகிக்கணும்."

திரும்பி வரும்போது அண்ணி வண்டிக்குப் பெயர் வைத்துவிட்டாள். யோசனைக்காரன். "கெட்டவன் இல்ல, மெதுவா யோசிக்கிறவன்" என்றாள். அடேங்கப்பா, என் அண்ணனுக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நல்ல வார்த்தை அவளிடமிருந்து கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் பின்னாலிருக்கும் காலி மைதானத்துக்குப் போனோம். ஸ்டாண்டில் நாலு வீணான கண்ணாடிகளை நிறுத்திக் கட்டி, அதன் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். என் வேலை, கியர் மாறும்போது 'டிக்' கேட்டால் கையைத் தூக்குவது. அவள் ஓட்டிக்கொண்டே, பின்னால் பார்க்கிற கண்ணாடியில் என் கையைப் பார்ப்பாள். மைதானத்தைச் சுற்றி நடக்க வந்தவர்கள், வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியோடு காதை ஒட்டிக்கொண்டு நடுநடுவே கையைத் தூக்குகிற என்னைப் பார்த்து என்ன நினைத்தார்களோ. ஒரு அம்மா அருகில் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டே விட்டார்.

முதல் முப்பது தடவை கை தூக்கித் தோள் கழன்றது. ஒன்று எண்ணிவிட்டு கியர் போட்டாள், குதித்தது. இரண்டு எண்ணினாள், இன்ஜின் ஒரேயடியாக இறங்கி, வண்டி முன்பக்கம் குனிந்தது. ஒன்றுக்கு மேல், இரண்டுக்குக் கீழ். அந்த நடுவைப் பிடிக்கத்தான் முடியவில்லை. பதினோரு மணி வெயிலில் நான் திட்டத் தொடங்கியிருந்தேன். திடீரென்று தொடர்ந்து ஐந்து முறை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சின்னச் சத்தம் கூட இல்லை. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணி பண்ணீங்க?"

"எண்ணுறதை விட்டுட்டேன். காலை எடுத்துட்டு, மனசுக்குள்ள 'பாத்துப் போ'ன்னு சொல்றேன். சொல்லி முடிச்சதும் கிளட்ச்சை விடுறேன்."

அது அண்ணன் சொல்லும் வார்த்தை. பதினேழு வருஷமாக வண்டி கிளம்பும்போதெல்லாம், முகத்தைக் கூடப் பார்க்காமல், வெட்டுகிற மேஜையிலிருந்தபடியே "பாத்துப் போ" என்பான். கத்தின நாளிலும் சொல்வான், பேசாத நாளிலும் சொல்வான். அந்த அவசர அவசரமான வார்த்தையின் நீளமும் யோசனைக்காரன் யோசிக்கிற நேரமும் ஒன்றாக இருந்தன.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. காலையில் முதல் பத்து நிமிஷம் இரண்டாவது கியர் முகம் கொடுக்காது, வற்புறுத்தினால் முரட்டுத்தனம் காட்டும். அதனால் சரக்கு ஏற்றும் முன்னால் வெறும் வண்டியைத் தெருவைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வருவாள். மேட்டில் நிறுத்திவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், வண்டி தானாகவே மூன்று நொடி பிடித்துக்கொண்டு நிற்கும், நாலாவது நொடி கைவிட்டுவிடும். கியரைக் குறைத்தால் கேட்காமலே ஒரு உறுமல் உறுமும். முன்னால் இருக்கிற திரையில் ஒரு பச்சை அம்பு எப்போது பார்த்தாலும் அடுத்த கியருக்குப் போ, அடுத்த கியருக்குப் போ என்று மினுக்கிக்கொண்டிருக்கும், பின்னால் எவ்வளவு பாரம் என்று அதற்கு அக்கறையில்லை. "உங்கம்மா போனதுக்கப்புறம் என்னை இப்படி விரட்ட ஆளே இல்லாம இருந்துச்சு" என்றாள் அண்ணி. எங்கம்மாவை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். இவ்வளவையும் ஒரு நீளக் கண்ணாடித் துண்டில் மெழுகுப் பென்சிலால் எழுதி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்தாள்.

இதற்கிடையில் முகப்பு எழுத்தைப் பார்த்து ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கியரா? எனக்கு ஆட்டோமேட்டிக்தான் பழக்கம்" என்று வந்த வழியே போனார். இன்னொருவர் கண்ணாடியை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்றுவரை குடித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஆள் வரும்போதும் அண்ணி தலையைக் குனிந்துகொண்டு போன் டயரியைப் புரட்டுவாள். ஆள் போனதும் எனக்கு மூச்சு வரும்.

பிறகு ஒரு புதன்கிழமை. பல் டாக்டர் ஒருவரின் அறைக்குத் தடுப்புக் கண்ணாடி கொண்டுபோனோம். அண்ணி அன்று வண்டியின் பின்பக்கச் சன்னலைத் தள்ளித் திறந்து வைத்தாள். புது வண்டியில் அது திறக்கும் என்பதே அப்போதுதான் தெரியும். பின்னால் நடக்கிற சத்தம் உள்ளே வந்தது. அன்றைக்கு அவள் ஓட்டினது ஓட்டம்! எந்தக் கியர் எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கடைசித் திருப்பத்தில் சிக்னல் விழுந்தது. எப்போதும் போல மெதுவாக பிரேக் பிடித்து நிறுத்தினாள். 'டிக்' என்றது. அதைத் தொடர்ந்து, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு நீளச் சத்தம்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், கண்ணாடியின் குறுக்கே கோடு ஓடியிருந்தது.

நான் அழுதேவிட்டேன். அண்ணி அழவில்லை. சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அவள் அசையாமல் நிற்கிறாள்.

"இது என் கால் இல்ல" என்றாள். "கியரே மாத்தலை. நிக்கிறப்போ வந்துச்சு."

நிற்கும்போது என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைதானத்தில், ஒவ்வொரு முறை அவள் வண்டியை நிறுத்தும்போதும் ஒரு சின்ன 'டிக்' எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் கவனிக்கச் சொன்னது கியர் மாறும்போது வருகிற சத்தத்தை மட்டும். அதனால் நிற்கும்போது வந்ததற்கு நான் கையைத் தூக்கவில்லை. நாள் முழுக்க அது பாட்டுக்கு வந்தது, நான் பாட்டுக்குச் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுச்சா? நிஜமா ஒவ்வொரு தடவையுமா?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கடைக்கு வந்ததும் அண்ணன் கத்தவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. "விடு. வெள்ளிக்கிழமை ஒருத்தர் வரேன்னிருக்காரு. அனுபவம் உள்ளவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஆறு கண்ணாடிகளும் வியாழக்கிழமை வந்து இறங்க இருந்தன.

எங்கள் கடையில் உடைந்ததைத் தூக்கிப் போடுவதில்லை, பின்கட்டில் இரும்புப் பீப்பாயில் கிடக்கும். நானும் அண்ணியும் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு அதைக் கிளறினோம். எந்தத் துண்டு எதனுடையது என்று விளிம்பைத் தடவியே நான் சொல்லிவிடுவேன், தேய்த்தவள் நான்தானே. பேக்கரிக் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி, இன்றைய தடுப்பு. மூன்றையும் தரையில் சேர்த்து வைத்தோம். மூன்றிலும் விரிசல் ஒரே மூலையில் தொடங்கியிருந்தது. வண்டியில் நிற்கும்போது முன்பக்கம் பார்க்கிற கீழ் மூலை. அங்கே ஒரு கடுகளவு சில்லு பெயர்ந்திருந்தது.

அண்ணி வண்டிக்கு ஓடினாள். கண்ணாடிகளை நிறுத்தும் ஸ்டாண்டு அண்ணனே பழைய வண்டிக்காகச் செய்தது. புது வண்டி வந்ததும் அதை அப்படியே கழற்றி இதில் மாட்டினான். அதன் இரண்டு முனையிலும் கண்ணாடி நகராமல் இருக்க இரும்புத் தடுப்பு. பின்பக்கத் தடுப்பில் இரண்டு விரல் தடிமனுக்கு ரப்பர், முன்பக்கத் தடுப்பில் பேருக்கு ஒரு தோல் துண்டு. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சாய்வு பார்க்கிற அண்ணனின் ரசமட்டத்தை எடுத்துவந்து வண்டித் தளத்தில் வைத்தாள். உள்ளிருக்கும் குமிழி எது உயரமோ அந்தப் பக்கம்தான் போகும், அது நடுவில் நிற்காமல் பின்பக்கம் ஓடியது.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. பழைய வண்டி வயதாகி, பின்பக்கம் தொங்கிப்போய்க் கிடந்தது. கண்ணாடியெல்லாம் தானாகவே பின்னால் சரிந்து, தடித்த ரப்பரில் சாய்ந்து நிற்கும். புது வண்டி அப்படியில்லை, பாரம் குறைவாக இருந்தால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி முன்னால் சரிந்து, தோல் போர்த்திய இரும்பில் மூலையை ஊன்றிக்கொண்டு நிற்கிறது, பின்னால் ஒரு விரல் இடைவெளி. வண்டி குதித்தாலும் இடி, நின்றாலும் இடி.

"வாங்க அண்ணி, இப்பவே போய் அவன் மூஞ்சிக்கு நேரா..." என்று நான் கிளம்பினேன்.

"இரு" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நாம சொன்னா வாதம் பண்ணுவாரு. அவரே பாக்கட்டும்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்க ரசமட்டம் கெட்டுப்போச்சு போலிருக்கே!"

அண்ணனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் ரசமட்டத்தைச் சொல்லக் கூடாது. "எது? என் மட்டமா?" என்று பாய்ந்து வந்தான். வண்டியில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். இறங்கிக் கடைத் தரையில் வைத்தான், குமிழி சொன்னபடி நடுவில் நின்றது. மறுபடி வண்டியில் ஏறினான், குமிழி ஓடியது. அவன் பார்வை மட்டத்திலிருந்து ஸ்டாண்டுக்கு மெல்லப் போனது. முன்பக்கத் தடுப்பைக் கட்டைவிரலால் தடவினான். தோலுக்கு அடியில் இரும்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும், விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். கீழே பார்த்தான். தரையில் மூன்று உடைந்த மூலைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள்.

"வண்டி முன்னால சாயுது" என்றான், யாரையும் பார்க்காமல்.

"வண்டியா, ஸ்டாண்டா?" என்றேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம்.

அவன் ஸ்பானரை எடுத்தான். மத்தியானம் சாப்பிடக்கூட வராமல் ஸ்டாண்டைக் கழற்றி, முன்பக்கம் மரக்கட்டை வைத்து உயர்த்தி, இரண்டு தடுப்புக்கும் புது ரப்பர் போட்டான். வேலையெல்லாம் சுத்தமாக இருந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. முகப்பில் இருந்த எழுத்தும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அனுபவக்காரர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நடனப் பள்ளியிலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. அண்ணன் கடைக்கும் வாசலுக்கும் நாலு தரம் நடந்தான். பிறகு, "நீயே எடு. நானும் வரேன்" என்றான். நான் கேட்காமலே கதவைத் திறந்து நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி அதற்குள் வெறும் வண்டியைத் தெருவைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஆறு கண்ணாடியும் ஏற்றி, கட்டி, பின்சன்னலைத் திறந்து வைத்தாள். கிளம்பினோம். முதல் கியர். கால் எடுத்தாள், உதடு அசைந்தது. இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சந்தைத் திருப்பத்தில் மறுபடி முதல் கியர், உதடு அசைவு, இரண்டாவது. மூன்றாவது முறை அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"என்ன முணுமுணுக்கிற? என்னைத் திட்டுறியா?"

"இல்லைங்க. 'பாத்துப் போ'ன்னு சொல்லிக்கிறேன்."

"கிண்டலா?"

"ஐயோ, கிண்டல் இல்லைங்க. நீங்க தினமும் சொல்றது அவ்வளவு நேரந்தான் ஆகுது. சத்தம் இறங்குறதுக்கும் அவ்வளவு நேரந்தான். அதைச் சொல்லிட்டுப் போட்டா குதிக்காது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அண்ணன் கேட்டான். அடுத்த கியருக்கு, அதற்கு அடுத்ததற்கு, காதைப் பின்சன்னல் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான். பின்னால் சத்தமே இல்லை. நடனப் பள்ளி ஒரு மேட்டின் தலையில் இருந்தது. மேட்டின் நடுவில் முன்னால் போன கார் நின்றுவிட்டது, பின்னால் ஒரு லாரி மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. ஆறு கண்ணாடியின் பாரமும் பின்னால் இழுத்தது. அண்ணனின் கை கதவுப் பிடியை இறுக்கியதைப் பார்த்தேன். அண்ணி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றுக்குள் கிளட்ச் பிடித்துவிட்டது, வண்டி பின்னால் ஒரு நூல் கூட வழுக்காமல் மேலே ஏறியது.

கண்ணாடிகளை இறக்கும்போது அண்ணன் ஒவ்வொன்றின் கீழ் மூலையையும் குனிந்து தடவினான். ஆறும் முழுசாக இருந்தன. ஆறாவதைச் சுவரில் மாட்டி முடித்ததும் அதில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அவன் அதில் தெரிந்த அண்ணியைப் பார்த்தான், நேரில் பார்க்கவில்லை. வாயைத் திறந்தான். "ரப்பர் நல்லா நின்னிருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். எனக்கு அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது.

திரும்பி வந்தால் கடை வாசலில் ஒருவர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் உறை போட்ட சான்றிதழ்கள், பொறுப்பான முகம். பார்த்த உடனே தெரிந்தது, இவர்தான் அந்த அனுபவக்காரர், நல்ல ஓட்டுநர். அண்ணி இன்ஜினை அணைத்தாள். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கியர் குமிழுக்குக் கீழே இருந்த வளையத்தை அவள் விரல் சும்மா தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிக்கணும் சார், வழியில டயர் பஞ்சராயிடுச்சு" என்றார் வந்தவர். "ஓட்டுநர் தேவைன்னு எழுதியிருக்கீங்களே. கியர் வண்டிதான் இருபது வருஷமா ஓட்டுறேன்."

அண்ணன் அவரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகப்புக் கண்ணாடியில் இருந்த எழுத்தை அழிக்கத் தொடங்கினான்.

"உங்களை அலைய வெச்சுட்டேங்க. ஆள் கிடைச்சாச்சு."

"அப்படியா? எப்போ சார்? நேத்துகூட போன்ல வரச் சொன்னீங்களே?"

"பதினேழு வருஷம் ஆச்சுங்க" என்றான் அண்ணன். மெழுகு சீக்கிரம் போகாது, அழுத்தித் தேய்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் கவனிக்கலை."

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, விஷயத்தை விளக்க முயன்றேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, தயாராக இருந்த தடுப்புக் கண்ணாடியை ஏற்றிக் கட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். பல் டாக்டருக்கு மாற்றுக் கண்ணாடி அன்றைக்கே போக வேண்டியிருந்தது.

"பாத்துப் போ" என்றான் அண்ணன், இந்த முறை வாசல் வரை வந்து.

"இன்னும் கியரே போடலைங்க" என்றாள் அண்ணி.